ஒரே இடத்தில் நின்று பார்த்தவர்கள்: இலையுதிர்கால வலசையும் பறவை நோக்கலின் வரலாறும்

ஓர் ஏரி, ஒரு தோப்பு, ஒரு குன்றுச் சரிவு என வீட்டுக்கு அருகில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கேயே நாள்தோறும் பறவைகளைக் கவனித்துக் குறித்து வைக்கும் பழக்கம் பறவை நோக்கலின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. இங்கிலாந்தில் இத்தகைய இடத்தைப் 'பேட்ச்' என்பர். தமிழில் 'சொந்தக் களம்' எனலாம். சொந்தம் என்பது இங்கே உடைமையைக் குறிக்கவில்லை. பழக்கத்தால் வந்த உரிமையையே குறிக்கிறது.

பறவைகள் இடம்பெயரும் இலையுதிர்காலத்தில் சொந்தக் களத்தில் கழியும் ஒரு நாள் வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால் பறவைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்ற பழங்கேள்விக்கு விடை கிடைத்த வழியில் இத்தகைய நாட்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றை இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரிலிருந்து தொடங்கி இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய விடைகள்

குளிர் நாடுகளில் வாழ்ந்த மக்களுக்குப் பறவைகளின் மறைவு ஒரு பெரும் புதிர். கோடையில் வீட்டுக் கூரைகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்த தகைவிலான்கள் இலையுதிர்காலத்தில் காணாமற் போயின. அடுத்த வசந்தத்தில் திரும்ப வந்தன. இடையில் அவை எங்கிருந்தன?

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கொக்கு இனப் பெரும்பறவைகள் வடபுலத்துச் சமவெளிகளிலிருந்து எகிப்துக்குத் தெற்கேயுள்ள சதுப்புகளுக்குப் போவதை அறிந்திருந்தார். ஆனால் தகைவிலான்கள் சில பொந்துகளில் ஒடுங்கி உறங்குகின்றன என்றும், ஒரு பறவை பருவம் மாறும்போது வேறொரு பறவையாக மாறுகிறது என்றும் அவர் எழுதினார். 1555இல் சுவீடன் நாட்டுப் பேராயர் ஒலாவுஸ் மாக்னுஸ், தகைவிலான்கள் கூட்டமாக நீரடியில் உறங்குவதாகவும் மீனவர் வலைகளில் அவை சிக்குவதாகவும் எழுதி, அதற்குப் படமும் வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலேயர் பறவைகள் நிலவுக்குச் செல்கின்றன என்று வாதிட்டார்.

இவற்றைப் படித்து நாம் இன்று சிரிக்கலாம். ஆனால் அன்றைய நிலையில் ஒரு தகைவிலானைப் பின்தொடர்ந்து கடல் கடக்க எவராலும் இயலாது. சில பத்து கிராம் எடைகூட இல்லாத உயிர் கண்டம் விட்டுக் கண்டம் போகும் என்பதைவிட, அது குளத்துச் சேற்றில் உறங்கும் என்பதே பலருக்கு நம்பத் தகுந்ததாக இருந்தது.

தமிழ்ப் புலவர்கள் பறவைகளின் நெடும்பயணத்தை அறிந்திருந்தனர். குமரித் துறையிலிருந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தைப் பிசிராந்தையார் புறநானூற்றில் தூது விடுகிறார். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடும் பாடலிலும் தென்குமரியும் வடதிசையும் வருகின்றன. ஆயினும் பறவை பயணம் செய்கிறது என்று அறிவது ஒன்று. எந்தப் பறவை, எந்த நாளில், எத்தனை என்று அறிவது வேறொன்று. இரண்டாவது வகை அறிவுக்குக் குறிப்பேடு தேவைப்பட்டது.

செல்போர்னும் கில்பர்ட் வைட்டும்

கில்பர்ட் வைட் 1720 ஜூலை 18இல் தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்திலுள்ள செல்போர்னில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியில் பயின்று அதன் ஆய்வுறுப்பினரானார். திருச்சபைக் குருவாகப் பணியாற்றிய அவர், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சொந்த ஊரிலேயே கழித்தார். 1793 ஜூன் 26இல் அங்கேயே மறைந்தார்.

செல்போர்னின் பின்புறம் பீச் மரங்கள் அடர்ந்த செங்குத்தான சுண்ணாம்புக் குன்று ஒன்று உண்டு. ஊரார் அதை 'ஹேங்கர்' என்பர். 1753இல் வைட்டும் அவருடைய தம்பி ஜானும் அக்குன்றில் ஏறுவதற்கு வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை அமைத்தனர். இன்றும் அப்பாதை இருக்கிறது. குன்று, ஊர்த்தெரு, மாதா கோயில், ஓடை, மேய்ச்சல் நிலம், தம் வீட்டுத் தோட்டம் ஆகியவையே வைட்டின் களம்.

1751 முதல் அவர் தோட்ட வேலைகளை நாட்குறிப்பாக எழுதிவந்தார். 1768 முதல் அச்சிட்ட படிவம் ஒன்றில் இயற்கைக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அப்படிவத்தை வடிவமைத்தவர் அவருடைய நண்பர் டேன்ஸ் பாரிங்டன். நாள், வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, தழைக்கும் மரம், மலரும் செடி, தோன்றும் அல்லது மறையும் பறவைகள், பூச்சிகள் என ஒவ்வொன்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை, 25 ஆண்டுகள், வைட் அதை நிரப்பிவந்தார்.

கட்டம் போட்ட படிவத்தின் பயன் எளிதாகப் புலப்படாது. வெற்றுத்தாளில் எழுதுபவர் வியப்பானதை மட்டுமே எழுதுவார். படிவமோ ஒவ்வொரு நாளும் அதே கேள்விகளைக் கேட்கிறது. அதனால் வியப்பில்லாத நாட்களும் பதிவாகின்றன. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவுபவை பெரும்பாலும் அந்த வியப்பில்லாத நாட்களே.

வைட் தாம் கண்டவற்றை விலங்கியலாளர் தாமஸ் பென்னன்ட்டுக்கும் பாரிங்டனுக்கும் கடிதங்களாக எழுதினார். அக்கடிதங்கள் 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும்' என்ற நூலாக 1789ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தன. ஒரே தோற்றமுடைய கதிர்க்குருவிகளாகப் பிறர் கருதியவற்றுள் மூன்று வெவ்வேறு இனங்கள் உள்ளன என்பதை அவர் குரலைக் கொண்டு பிரித்தறிந்தார். ஒரே வேலியோரத்தில் பலமுறை நின்று கேட்டவருக்கே அது வாய்க்கும்.

மிக்கேல் திருநாளும் வெண்பிறைப் பறவையும்

இலையுதிர்கால வலசை குறித்து வைட் செய்த கவனிப்புகளுள் சிறந்தது 'ரிங் ஊஸல்' என்னும் பறவையைப் பற்றியது. இது பூங்குருவி குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் கறுப்பு, மார்பில் வெண்பிறை போன்ற பட்டை. வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மலைகளில் வாழும் பறவையாகவே அக்காலத்தார் அதை அறிந்திருந்தனர். தெற்கே செல்போர்ன் போன்ற ஊரில் அதற்கு வேலை இல்லை என்பது பொதுக் கருத்து.

ஆனால் செப்டம்பர் 29இல் வரும் மிக்கேல் திருநாளை ஒட்டி, செல்போர்னின் குன்றுகளில் இப்பறவைகள் சிறு கூட்டங்களாகத் தென்படுவதை வைட் கண்டார். முதலாண்டில் அது தற்செயலாக இருக்கலாம். அடுத்த ஆண்டும் அதே நாட்களில் அவை வந்தன. அவர் தொடர்ந்து கவனித்தார். அவை ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கி, வேலிச் செடிகளின் பழங்களையும் யூ மரத்தின் பழங்களையும் தின்றுவிட்டு மறைந்தன. வசந்தத்தில், ஏப்ரல் மாதத்தில், மறுபடியும் சில நாட்கள் வந்து போயின.

ஊரில் கூடுகட்டவும் இல்லை. குளிர்காலம் முழுவதும் தங்கவும் இல்லை. ஆகவே செல்போர்ன் அவற்றுக்கு வீடு அன்று, வழியிலுள்ள சத்திரம். இன்று நாம் 'வழிப்போக்கு வலசைப் பறவை' என்று வகைப்படுத்துவதை வைட் ஒரு குன்றின்மேல் நின்றே கண்டுகொண்டார்.

இவை எங்கிருந்து வருகின்றன என்பதில் அவர் ஊகம் ஒன்று வைத்திருந்தார்: வடக்கிலிருந்து வருகின்றன என்பதே அது. பின்னர், தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்திலும் அப்பறவைகள் கூடுகட்டி, இலையுதிர்காலத்தில் அங்கிருந்து வெளியேறுகின்றன என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது. அவர் அதை மறைக்கவில்லை. தம் ஊகத்துக்கு அது இடையூறு என்பதையும் கடிதத்தில் எழுதிவிட்டார்.

தகைவிலான் சிக்கல்

தகைவிலான் விஷயத்தில் வைட் வாழ்நாள் முழுவதும் இருமனமாகவே இருந்தார். ஒரு பக்கம், ஜிப்ரால்டரில் திருச்சபைக் குருவாக இருந்த தம்பி ஜான், பறவைகள் நீரிணையைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்வதைப் பார்த்து எழுதியிருந்தார். மறுபக்கம், நண்பர் பாரிங்டன் கடல் கடக்கும் வலசையை நம்பவில்லை. 1772இல் அதை மறுத்துக் கட்டுரையே வெளியிட்டார்.

வைட்டின் மனத்தை அலைக்கழித்தவை அவருடைய குறிப்புகளே. பெரும் கூட்டம் மறைந்தபின், அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வெயில் அடிக்கும் ஒரு நாளில், தகைவிலானின் உறவினமான மார்ட்டின்கள் சில ஹேங்கர் குன்றருகே பறந்தன. போனவை எப்படித் திரும்பும்? அருகிலேயே எங்கோ உறங்கிக் கிடந்து, வெயில் கண்டு விழித்திருக்குமோ? 1781 வசந்தத்தில் ஆட்களை வைத்து அக்குன்றின் புதர்களையும் வேர்ப்பொந்துகளையும் தேடச் செய்தார். உறங்கும் பறவை ஒன்றும் அகப்படவில்லை.

இன்று நமக்கு விளக்கம் தெரியும். நவம்பரில் வந்தவை பெரும்பாலும் வடக்கே தாமதமாகக் குஞ்சு பொரித்துப் பிந்திக் கிளம்பிய பறவைகள். செல்போர்னின் மார்ட்டின்கள் எப்போதோ போய்விட்டன. அவர் பார்த்தது வழியே சென்ற வேறு மார்ட்டின்களை. ரிங் ஊஸலில் அவர் கண்டுகொண்ட உண்மையே இங்கும் இருந்தது. ஆனால் பறவைகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்ததால், வந்தவை வேறு என்று அவரால் அறிய முடியவில்லை.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைட்டின் ஊகம் தவறியது; அவருடைய தேதிகள் தவறவில்லை. கண்டதை ஒரு வரியாகவும், அதற்குத் தாம் கருதும் காரணத்தை வேறு வரியாகவும் அவர் எழுதியதால், 200 ஆண்டுகள் கழிந்தும் முதல் வரி நமக்குப் பயன்படுகிறது.

இலையுதிர்காலம் ஏன் கடினமானது?

வசந்தத்தில் முதல் தகைவிலான் வந்த நாளைக் குறிப்பது எளிது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது, ஊரே பேசும். இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். தகைவிலானின் முதல் வருகை, மரங்கள் துளிர்த்தல், தவளை கத்துதல் முதலியன அவற்றுள் அடங்கும். அவர் வைட்டுடன் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். அவருக்குப் பின் அக்குடும்பத்தினர் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். பருவநிலை ஆய்வாளர்கள் அக்குறிப்புகளை இன்று பொன்போலப் போற்றுகின்றனர்.

இலையுதிர்காலம் வேறு. புறப்படும் பறவை சொல்லிக்கொண்டு போவதில்லை. கடைசியாக ஒரு பறவையைப் பார்க்கும் நாளில் அதுதான் கடைசி என்று நமக்குத் தெரியாது. நாலைந்து நாள் போய், அது வரவில்லை என்பது உறுதியான பிறகே முன்பு பார்த்த நாள் கடைசி நாளாகிறது. அதற்கு முன்னே எழுதிய குறிப்பு வேண்டும். பின்னே 'இல்லை' என்று எழுதிய குறிப்பும் வேண்டும். ஆகவே இலையுதிர்கால வலசையை அறிய ஒருநாள் வந்துபோகும் விருந்தாளியால் இயலாது. அங்கேயே இருப்பவர் தேவை.

தீவிலும் கலங்கரை விளக்கங்களிலும்

19ஆம் நூற்றாண்டில் இத்தகைய காத்திருப்பு கடற்கரைக்குச் சென்றது. வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து மிகச் சிறிய தீவு. ஓவியராக 1837இல் அங்கே வந்த ஹைன்ரிஷ் கெட்கே என்ற ஜெர்மானியர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே தங்கி, வந்து இறங்கும் பறவைகளைக் குறித்தார். அத்தீவில் ஏறத்தாழ 400 இனங்களை அவர் பதிவு செய்தார். அவருடைய நூல் 1891இல் வெளிவந்தது. காற்றுக்கும் வானிலைக்கும் பறவைகளின் வருகைக்கும் உள்ள உறவை அந்நூல் விரிவாகப் பேசியது. பறவைகள் பறக்கும் வேகத்தையும் உயரத்தையும் பற்றி அவர் கூறியவற்றுள் பல மிகையானவை எனப் பின்னர் தெரிந்தது. நாள்வாரியான பதிவுகளோ நின்றுவிட்டன. வைட்டுக்கு நேர்ந்ததே கெட்கேக்கும் நேர்ந்தது.

1880களில் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் குழு ஒன்று கலங்கரை விளக்கக் காவலர்களுக்குப் படிவங்களை அனுப்பியது. இரவில் விளக்கொளியைச் சுற்றும் பறவைகளையும், கண்ணாடியில் மோதி விழுபவற்றையும் அவர்கள் குறித்து அனுப்பினர். அத்தரவுகளைத் தொகுத்தவருள் ஒருவரான வில்லியம் ஈகிள் கிளார்க், 1901 இலையுதிர்காலத்தில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் ஒரு மாதம் தங்கி, இரவு வலசையை நேரில் கண்டார். படித்த அறிஞரோடு விளக்குக் காவலரும் பங்கேற்ற அறிவுப்பணி இது.

1901இல் பால்டிக் கடலோரத்து ரோசிட்டன் என்னும் ஊரில் யோகன்னஸ் தீனமன் உலகின் முதல் பறவை ஆய்வுநிலையத்தைத் தொடங்கினார். பிரிட்டனில் முதல் பறவை ஆய்வுநிலையத்தை ரொனால்ட் லாக்லி 1933இல் வேல்ஸ் கடலோரத்து ஸ்கோக்கம் தீவில் அமைத்தார். இந்நிலையங்களின் அடிப்படை வேலை எளிமையானது: ஒரே இடம், நாள்தோறும் கணக்கு.

வளையம் தந்த விடை

பறவைகள் ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்பதற்குக் கண்கூடான சான்று ஒன்று 1822இல் ஜெர்மனியின் கிளூட்ஸ் என்ற ஊரருகே கிடைத்தது. அங்கு பிடிபட்ட ஒரு செங்கால் நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தி நின்றது. காயத்தோடு அது ஐரோப்பா திரும்பியிருந்தது. அதன் பாடம் செய்த உடல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. ஆயினும் இது தற்செயலாகக் கிடைத்த சான்று.

திட்டமிட்ட சான்றுக்கு வழிகண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். டென்மார்க்கின் வீபோர்க் நகரத்து ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் முதலில் துத்தநாக வளையங்களை முயன்றார். அவை கனமாக இருந்தன. 1899இல் எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையங்களை, நம் மைனாவின் உறவினமான 165 ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் மாட்டிப் பறக்கவிட்டார். ஒரு பறவையை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாத வைட்டின் இடர்ப்பாடு அத்துடன் தீர்ந்தது. இனிப் பறவையே தன் முகவரியைச் சுமந்து செல்லும்.

பிரிட்டனில் இம்முறை 1909இல் தொடங்கியது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் சீடில் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்குரைஞர், 1911 மே மாதத்தில் தம் வீட்டில் கூடுகட்டிய தகைவிலானுக்கு வளையம் இட்டார். 1912 டிசம்பர் 23இல் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டுக்குள் பிடிபட்டது. வளையத்தைப் பற்றி அங்கிருந்து லண்டனுக்குக் கடிதம் வந்தது. இடைத்தொலைவு 9,000 கிலோமீட்டருக்கு மேல்.

வைட்டின் நூல் வெளிவந்து 123 ஆண்டுகள் கழித்து அவருடைய கேள்விக்கு விடை கிடைத்தது. குளத்தடியும் அன்று, பொந்தும் அன்று. இங்கிலாந்தின் தகைவிலான் தென்னாப்பிரிக்காவின் கோடைக்குச் செல்கிறது. அவ்விடைக்கு இரு முனைகளிலும் தத்தம் வீட்டில் இருந்த இரு சாதாரண மனிதர்களே காரணம் என்பதும் நினைவில் நிறுத்தத் தக்கது.

வலசைக் காலத்தில் ஒரு நாள்

இவ்வளவு வரலாறும் இங்கிலாந்தில் சொந்தக் களம் வைத்திருப்பவர் அக்டோபர் மாதத்தில் செலவிடும் ஒரு நாளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அந்நாள் பொதுவாக எப்படி நகரும் என்று பார்ப்போம்.

முதல் வேலை முந்தைய இரவின் வானிலையை அறிவது. கதிர்க்குருவி, பூங்குருவி போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவிலேயே பயணம் செய்கின்றன. இரவு முழுவதும் வானம் தெளிந்து காற்றும் இசைந்தால் அவை உயரத்திலேயே கடந்துவிடும். காலையில் புதர்கள் வெறுமையாக இருக்கும். தெளிந்த வானில் கிளம்பியவை வழியில் மழையிலோ மூடுபனியிலோ சிக்கினால் கிடைத்த இடத்தில் இறங்கும். பறவை நோக்குபவருக்கு வாய்த்த நல்ல நாள் பறவைக்குத் துன்பமான நாளாகவே பல சமயம் இருக்கிறது.

விடியுமுன் இருட்டில் நின்றால், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் 'ரெட்விங்' பூங்குருவிகளின் மெல்லிய குரல் தலைக்குமேல் கேட்கும். கதிர் எழுந்ததும் முதல் இரண்டு மணி நேரம் மிக முக்கியம். வானம்பாடி, நெட்டைக்காலி, விதைதின்னிக் குருவிகள் முதலிய பகல்நேரப் பயணிகள் அப்போது ஒரே திசையில் சிறு கூட்டங்களாகப் பறந்து செல்லும். நோக்குபவர் நகராமல் நின்று திசையையும் எண்ணிக்கையையும் நேரத்தையும் எழுதுவார்.

வெயில் ஏறியதும் புதர்களையும் வேலியோரங்களையும் சுற்றி வருவார். இரவில் இறங்கியவை அங்கே பசியோடு பூச்சி தேடும். தன் களத்தின் ஒவ்வொரு புதரையும் அறிந்தவருக்கு, நேற்று இல்லாத ஓர் அசைவு உடனே கண்ணில் படும். நண்பகலில் சூடான காற்று மேலெழும்போது பருந்து இனங்கள் வட்டமிட்டு உயரும். மாலையில் ஸ்டார்லிங்குகள் நாணற் காட்டுக்கு இரவு தங்க வரும். செப்டம்பரில் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருந்த தகைவிலான்கள் இப்போது ஒன்றிரண்டே மிஞ்சியிருக்கும், அல்லது இருக்கமாட்டா.

வீடு திரும்பியபின் எழுதும் குறிப்பே அந்நாளின் பயன். அரிய பறவை எதுவும் இல்லாத நாளாகவே அது பெரும்பாலும் இருக்கும். 'தகைவிலான்: இல்லை' என்ற வரியும் ஒரு வரிதான்.

தமிழகக் கரையில்

தமிழ்நாட்டில் இலை உதிரும் குளிர்ப்பருவம் இல்லை. ஆனால் வடபுலத்து இலையுதிர்காலத்தின் மறுமுனை நம் ஊரில்தான் இருக்கிறது. ஆவணி, புரட்டாசி மாதங்களில் சாம்பல் வாலாட்டியும் கதிர்க்குருவிகளும் வந்துசேரும். தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசைகட்டும். ஐப்பசியையொட்டி ஆறுமணிக்குருவி வீட்டுத் தோட்டங்களில் இறங்கும். நம்மிடம் வரும் தகைவிலான் செல்போர்ன் தகைவிலானின் இனமே. ஆனால் அது இமயமலைப் பகுதிகளிலிருந்தும் வட ஆசியாவிலிருந்தும் வருவது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் வழிகாட்டுதலில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் 1959இல் பறவை வலசை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. பறவைகளால் நோய்கள் பரவக்கூடுமா என்ற கேள்வியும் அதற்கு ஒரு காரணம். பின்னாளில் அக்கழகத்தின் முதன்மையான களங்களுள் ஒன்றாகக் கோடிக்கரை விளங்கியது. வங்கக் கடற்கரை மேற்கே திரும்பும் முனையில் இருப்பதால் அங்கே வலசைப் பறவைகள் பெருந்திரளாகக் கூடுகின்றன. சைபீரியாவின் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகளும் அங்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கோடிக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கும் வேலை அதேதான்: வளையம், தேதி, எண்ணிக்கை.

குறிப்பேட்டின் இன்றைய மதிப்பு

2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'இ-பேர்ட்' என்னும் இணையத் தளம், தனித்தனிக் குறிப்பேடுகளை ஒன்றுசேர்க்கிறது. யார் வேண்டுமானாலும் தாம் பார்த்த பட்டியலை அதில் சேர்க்கலாம். 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்குவோர் இவ்வாறு அளித்த 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. வலசைப் பறவைகள், குறிப்பாக ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரிக்கும் கரைப்பறவைகள், குறைந்து வருகின்றன என்று அது காட்டியது.

இந்த இழப்பு ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஏரியில் சென்ற ஆண்டு 40 உள்ளான்கள் இருந்தன, இந்த ஆண்டு 30 என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பத்தாண்டு கழித்து ஒன்றும் இல்லாதபோது, 'இங்கே எப்போதும் பறவை வந்ததில்லையே' என்று சொல்லிவிடுவது எளிது. ஏரியைத் தூர்க்க விரும்புபவரும் அதையே சொல்வார். அப்போது தேதியும் எண்ணும் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று ஊரில் இருந்தால், அது சாட்சியாகும். வைட் எழுதி வைத்ததால்தான் 18ஆம் நூற்றாண்டின் செல்போர்ன் நமக்கு இன்றும் தெரிகிறது. எழுதப்படாத எத்தனையோ ஊர்களின் பறவைகளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

தொடங்க விரும்பும் மாணவருக்கு

பள்ளி மைதானம், ஊர்க் கண்மாய், மொட்டைமாடி என நடந்து செல்லும் தொலைவில் உள்ள எதுவும் களமாகலாம். பயணச் செலவு இருந்தால் பழக்கம் நிலைக்காது. அதன் எல்லையை முதலிலேயே முடிவு செய்து, மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாளாயினும் அதே நேரத்தில் செல்வது நல்லது.

ஒவ்வொரு முறையும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, மழை, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை எழுத வேண்டும். பெயர் தெரியாத பறவைக்கு அடையாளத்தை மட்டும் எழுதினால் போதும். ஊகித்துப் பெயர் போடக்கூடாது. கண்டது ஒரு வரி, கருதியது மற்றொரு வரி. சென்ற வாரம் இருந்து இந்த வாரம் இல்லாத பறவையையும் எழுத வேண்டும்.

தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம். மூன்று கதிர்க்குருவி இனங்களைப் பிரித்தறிய வைட்டுக்கு முதலில் உதவியவை அவருடைய காதுகளே. இந்த ஆவணியில் முதல் சாம்பல் வாலாட்டி வந்த நாளை எழுதி, அது பங்குனியிலோ சித்திரையிலோ கடைசியாகத் தென்பட்ட நாளையும் எழுதிவிட்டால், அந்த ஊரின் பறவை வரலாற்றுக்கு முதல் பக்கம் அமைந்துவிடும்.